24-ஐ 25 ஆக்க ஒரே வரி போதுமா?

கேள்வி: என்னிடம் இருப்பது நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும் வீடியோ. 25 வேண்டும் என்கிறார்கள். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில், கட்டளையில் ஆர் 25 என்று போட்டால் வேலை முடிந்தது என்று பார்க்கும் இடத்தில் எல்லாம் எழுதியிருக்கிறது. போட்டேன், கோப்பு வந்தது, ஓடுகிறது. ஆனால் கேமரா மெதுவாகப் பக்கவாட்டில் நகரும் இடங்களில் நொடிக்கு ஒரு தடவை லேசாக விக்குகிறது. கோளாறு கோப்பிலா, என் கண்ணிலா?

மார்ச் 3, இரவு 10.40

உங்கள் கண் நன்றாகவே இருக்கிறது. நொடிக்கு 24 படம்தான் கையில் உள்ளது, 25 கேட்டால் அந்த இன்னொரு படத்துக்கு எஃப்எஃப்எம்பெக் எங்கே போகும்? இருப்பதில் ஒன்றை இரண்டு தடவை காட்டிவிடும். அதுதான் விக்கல். வேலை ஓடும்போது டெர்மினலின் (கட்டளை தட்டும் சாளரத்தின்) கடைசி வரியில் டூப் என்று, திரும்பக் காட்டிய படங்களின் கணக்காக, ஓர் எண் ஏறிக்கொண்டே போயிருக்கும், அதை யாரும் கவனிப்பதில்லை. நானே வருடக்கணக்கில் கவனித்ததில்லை.

அந்த ஆர் எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். ஐ என்று போட்டு உள்ளீட்டுக் கோப்பின் பெயரைக் கொடுக்கிறோம் இல்லையா, அதற்குப் பின்னால் ஆர் 25 வந்தால் "நேரம் அப்படியே இருக்கட்டும், படங்களைக் கூட்டியோ குறைத்தோ 25 ஆக்கு" என்று பொருள். ஐ-க்கு முன்னால் வந்தால் "கோப்பில் எழுதியிருக்கும் நேரக் குறிப்புகளைத் தூக்கிப் போடு, படங்களை நொடிக்கு 25 என்று எண்ணிக்கொள்" என்று பொருள். முதலாவதில் படம் கூடும். இரண்டாவதில் படம் ஒன்றுகூட அதிகமாகாது, ஆனால் வீடியோ சீக்கிரம் முடிந்துவிடும், ஆடியோ தனியாகப் பின்தங்கிவிடும். ஒரே எழுத்து, ஒரே எண், முன்னே பின்னே வைப்பதில் இரண்டு வேறு வேலைகள்.

(கட்டளைகளை இங்கே தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.)

மார்ச் 3, இரவு 11.55

தூக்கம் வரவில்லை, சோதித்தே பார்த்துவிட்டேன். டெஸ்ட்சோர்ஸ் என்று எஃப்எஃப்எம்பெக்குக்குள்ளேயே ஒரு சோதனைப் படம் இருக்கிறது. அதில் 10 விநாடிக்கு 24 ஃப்ரேம் வேகத்தில் ஒரு துண்டு எடுத்து, ட்ராடெக்ஸ்ட் ஃபில்டரால் (ஃபில்டர் என்பது படத்தையோ ஒலியையோ மாற்றித் தரும் உள் கருவி) ஒவ்வொரு ஃப்ரேமின் மேலும் அதன் எண்ணைப் பெரிதாக எழுதவைத்தேன். 0 முதல் 239 வரை. அப்புறம் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் என்பதை மாற்றும் எஃப்பிஎஸ் ஃபில்டரில் 25 கொடுத்து மாற்றி, ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்திப் பார்த்தேன்: 9, 10, 11, 11, 12, 13. அடுத்தது 35 இரண்டு தடவை, அதற்கடுத்து 59. சரியாக 24 ஃப்ரேமுக்கு ஒன்று. மொத்தம் 250.

நொடி தொடங்கும் இடத்தில் திரும்ப வரும் என்று எதிர்பார்த்தேன், நொடியின் நடுவில் வருகிறது. காரணம் எளிதுதான்: அந்த ஃபில்டர் ஒவ்வொரு படத்தையும் கிட்ட இருக்கும் இடத்தில் உட்காரவைக்கும், பாதியைத் தாண்டும்போதுதான் இடைவெளி விழும், அந்த இடைவெளியில் முந்தின படம் மறுபடி உட்காரும்.

எண் எழுதிய துண்டு ஒன்று எப்போதும் கையில் இருப்பது நல்லது. எந்தக் கட்டளை என்ன செய்கிறது என்று கையேட்டில் தேடும் நேரத்தில் இதில் ஓட்டிப் பார்த்துவிடலாம்.

மார்ச் 4, காலை

அப்படியானால் 24-ஐ 25 ஆக்கச் சரியான வழி என்ன என்று கேட்கிறீர்கள். பழைய வழிதான். பால் (PAL) என்ற பழைய ஒளிபரப்பு முறையில் நொடிக்கு 25 ஃப்ரேம் ஓடிய தொலைக்காட்சிகள் சினிமாவை வருடக்கணக்கில் இப்படித்தான் காட்டின: படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது. நூற்றுக்கு நாலேகால் பங்குக்குச் சற்றுக் குறைவாக வேகம் கூடும். 90 நிமிடப் படம் 86 நிமிடம் 24 விநாடியில் முடியும். ஒரு ஃப்ரேம்கூடத் திரும்ப வராது, அதனால் விக்கலும் இல்லை.

செட்பிடிஎஸ் ஃபில்டரில் பிடிஎஸ்-ஐ (ஒவ்வொரு ஃப்ரேமும் எப்போது தெரியவேண்டும் என்ற நேரக் குறிப்பை) 24-ஆல் பெருக்கி 25-ஆல் வகுத்துவிட்டு, வெளியீட்டுக்கு ஆர் 25. ஆடியோவுக்கு, அதன் வேகத்தை மாற்றும் ஏடெம்போ ஃபில்டர். இங்கேதான் நான் ஒரு தடவை மாட்டிக்கொண்டேன். 25-ஐ 24-ஆல் வகுத்தால் 1.0416666 என்று போய்க்கொண்டே இருக்கும். நான் சோம்பேறித்தனமாக 1.04 என்று போட்டேன். முதல் ஐந்து நிமிடம் பார்த்தேன், உதடும் குரலும் ஒட்டுவது போலத்தான் இருந்தது, அனுப்பிவிட்டேன். கடைசிக் காட்சியில் ஆடியோ 8 விநாடி பின்னால் வந்தது என்று திருப்பி அனுப்பினார்கள். ஆள் கதவைச் சாத்திவிட்டுப் போய், காட்சி மாறி, இன்னொருவர் பேச வாயைத் திறக்கும்போது கதவுச் சத்தம் கேட்டதாம்.

அதனால் முழு எண்ணையும் எழுதுங்கள். சரிபார்க்கும்போது கடைசி ஐந்து நிமிடத்தைப் பாருங்கள், முதல் ஐந்தில் எல்லாமே ஒட்டும்.

மார்ச் 4, மதியம்

சுருதி பற்றி விட்டுவிட்டேன். ஏடெம்போ சுருதியை மாற்றாமல் வேகத்தை மட்டும் மாற்றும். பழைய ஒளிபரப்புகளில் பெரும்பாலும் சுருதியும் சேர்ந்தே ஏறும், கிட்டத்தட்ட 0.7 அரைச்சுரம். அதுதான் வேண்டும் என்றால் அசெட்ரேட் ஃபில்டர்: ஆடியோ நொடிக்கு 48000 ஒலி மாதிரிகள் (சாம்பிள்) என்று இருந்தால் 50000 என்று கொடுங்கள், பிறகு அரீசாம்பிளால் மீண்டும் 48000. இந்த ஒரு கணக்கு மட்டும் இவ்வளவு அழகாக முழு எண்ணில் வந்து விழுகிறது.

எது நல்லது? பேச்சு அதிகமுள்ள படத்துக்கு ஏடெம்போ. பாட்டு, தாளவாத்தியம் என்றால் எனக்கு அசெட்ரேட் பிடிக்கும். ஏடெம்போ ஒலியை நறுக்கி ஒட்டும் வேலை, தட்டும் சத்தங்களில் அந்த ஒட்டு சில சமயம் காதில் விழும். சுருதி ஏறியது உங்களுக்குத் தெரியாமல் போகலாம், பாடியவருக்குத் தெரிந்துவிடும்.

மார்ச் 4, இரவு

காலையில் எழுதியதில் ஒரு வீண் வேலை இருக்கிறது. செட்பிடிஎஸ் ஒரு ஃபில்டர், ஃபில்டர் என்றாலே வீடியோவை முழுதாக மறுபடி என்கோட் செய்தாக (பிரித்துப் புதிதாகச் சுருக்கி எழுதியாக) வேண்டும். வேகத்தை மட்டும் மாற்ற அது தேவையே இல்லை. எம்கேவி கோப்புகளை உருவாக்கும் எம்கேவிமெர்ஜ் என்ற கருவியில் டிஃபால்ட் ட்யூரேஷன் என்ற விருப்பத்தில் வீடியோ டிராக்கின் எண்ணையும் 25எஃப்பிஎஸ் என்பதையும் கொடுத்தால், படங்களைத் தொடாமல் நேரக் குறிப்புகளை மட்டும் புதிதாக எழுதிவிடும். தரம் இம்மியும் குறையாது, கோப்பை நகல் எடுக்கும் நேரத்தில் முடிந்துவிடும். எஃப்எஃப்எம்பெக்கிலேயே வேண்டும் என்றால் உள்ளீட்டுக்கு முன்னால், நேரக் குறிப்புகளைப் பெருக்கும் ஐடிஎஸ்ஸ்கேல் 0.96 (24/25), வீடியோவுக்கு காப்பி (மாற்றாமல் நகல்). ஆடியோவை மட்டும் என்கோட் செய்துகொள்ளுங்கள்.

இது தெரியாமல் எத்தனை இரவு மின்விசிறி அலற என்கோட் ஓட்டியிருக்கிறேன் என்று கணக்குப் போடப்போவதில்லை.

மார்ச் 6

ஒருவர் தன் கோப்பு 24 இல்லை, 23.976 என்கிறார். பெரும்பாலும் அதுதான் இருக்கும். 1953-இல் அமெரிக்கா வண்ணத் தொலைக்காட்சிக்கு மாறியபோது, வண்ணச் சிக்னலும் ஒலிச் சிக்னலும் ஒன்றோடொன்று மோதித் திரையில் புள்ளிகளாகத் தெரியாமலிருக்க வேகத்தை ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்தார்கள். 30 ஃப்ரேம் 29.97 ஆனது. சினிமாவை அதற்குள் திணிக்க 24-ம் 23.976 ஆனது. அந்தப் பெட்டிகள் எல்லாம் போயே போய்விட்டன, அந்த ஆயிரத்தில் ஒன்று மட்டும் நம்மோடு இன்னும் குடித்தனம் நடத்துகிறது.

அதனால் 23.976 என்று எழுதாதீர்கள், 29.97 என்றும் எழுதாதீர்கள். 24000/1001, 30000/1001 என்று பின்னமாகவே எழுதுங்கள். இல்லாவிட்டால் நீளமான வீடியோவில் ஆடியோ விலகிவிடும். 1.04 எனக்குக் கற்றுக்கொடுத்த பாடம் இது.

மார்ச் 6, அரை மணி நேரம் கழித்து

சரி, மேலே கடைசிப் பத்தியை நம்பாதீர்கள். எழுதிவிட்டு இப்போதுதான் கணக்குப் போட்டேன். 29.97-க்கும் 30000/1001-க்கும் வித்தியாசம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மணிக்கு 3.6 மில்லிவிநாடி. ஒரே ஒரு ஃப்ரேம் விலக ஒன்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். 23.976-க்கும் அதே பங்குதான், அங்கே ஒரு ஃப்ரேமுக்குப் பதினொன்றரை மணி நேரம். அவ்வளவு நீளப் படம் எடுப்பவர்கள் வேறு கவலையில் இருப்பார்கள்.

உண்மையில் கடிப்பது 29.97-ஐ 30 என்றோ, 23.976-ஐ 24 என்றோ எடுத்துக்கொள்வது. அது மணிக்கு 3.6 விநாடி. மில்லிவிநாடி இல்லை, விநாடி. நான் இரண்டையும் ஒரே பூச்சாண்டியாக வைத்துக் காட்டியிருக்கிறேன். பின்னமாக எழுதுவது நல்ல பழக்கம்தான், எடிட்டிங் மென்பொருள்கள் சில 29.97 என்றால் முகம் சுளிக்கும், ஆனால் ஆடியோ விலகும் என்று பயமுறுத்தியது தப்பு. பின்னம் தட்டக் கஷ்டமாக இருந்தால் எஃப்எஃப்எம்பெக் பெயராகவும் ஏற்கும்: என்டிஎஸ்சி (30000/1001), என்டிஎஸ்சி-ஃபில்ம் (24000/1001), பால் (25), ஃபில்ம் (24).

மார்ச் 9

இப்போது தலைகீழ்க் கதை. ஃபோனில் எடுத்த வீடியோ.

போன மாதம் ஓர் அரங்கில் வெளிச்சம் குறைவான இடத்தில் ஒரு பேச்சை ஃபோனில் பதிவு செய்தேன், 20 நிமிடம். ஃபோன் 30 ஃப்ரேம் என்று சொல்லும், அதை நம்பக் கூடாது. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு படத்துக்கும் அதிக நேரம் எடுத்துக்கொள்ளும், ஃப்ரேம்களின் இடைவெளி ஏறி இறங்கும். எடிட்டிங்கில் போட்டால் உதடும் குரலும் ஒட்டவில்லை. எனக்குத்தான் இப்போது எல்லாம் தெரியுமே, படங்களைத் தொடாத வழிதான் உத்தமம் என்று ஐ-க்கு முன்னால் ஆர் 30 போட்டேன். 20 நிமிட வீடியோ 19 நிமிடத்தில் முடிந்தது. நேரக் குறிப்புகளைத் தூக்கிப் போடு என்று நானே சொல்லிவிட்டேன், அந்தக் கோப்பில் உண்மை இருந்ததே அந்த நேரக் குறிப்புகளில்தான்.

இந்த மாதிரிக் கோப்புக்கு முதல் நாள் நான் திட்டிய வழிதான் மருந்து. எஃப்பிஎஸ் ஃபில்டரில் 30, உள்ளீட்டுக்குப் பின்னால். குறையும் இடத்தில் படம் திரும்ப வரும், பேசும் முகத்தில் அது யாருக்கும் தெரியாது, நேரம் காப்பாற்றப்படும்.

முதலிலேயே, எஃப்எஃப்எம்பெக்கோடு வரும், கோப்பின் விவரம் காட்டும் எஃப்எஃப்ப்ரோபில் பார்த்துவிடுங்கள். இரண்டு எண் வரும், ஆர் ஃப்ரேம் ரேட், ஏவிஜி (சராசரி) ஃப்ரேம் ரேட். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் இடைவெளி சீராக இல்லை என்று சந்தேகப்படுங்கள். மீடியாஇன்ஃபோ என்ற இன்னொரு கருவி இன்னும் வெளிப்படையாக வேரியபிள் (மாறுவது) என்றே சொல்லிவிடும்.

மார்ச் 9, பின்குறிப்பு

எஃப்எஃப்எம்பெக் படங்களைத் திரும்பக் காட்டுவதா, விடுவதா, அப்படியே வைப்பதா என்று சொல்லும் விருப்பத்தைப் பழைய குறிப்புகளில் விசிங்க் என்று பார்ப்பீர்கள். 2022-இல் வந்த 5.1 பதிப்பிலிருந்து அதன் இடத்துக்கு எஃப்பிஎஸ் மோட் வந்துவிட்டது. மாறியது பெயர்தான், வேலை அதேதான்.

மார்ச் 11

"திரும்பக் காட்டுவதற்குப் பதிலாக நடுப் படத்தைப் புதிதாக உண்டாக்க முடியாதா?" முடியும். மின்டர்போலேட். இரண்டு படங்களுக்கு நடுவில் எது எங்கே நகர்ந்தது என்று கணித்து, இல்லாத படத்தை வரைந்து கொடுக்கும். முதல் தடவை பார்த்தபோது மாயாஜாலம் என்றே நினைத்தேன்.

அக்கா மகள் கயிறு தாண்டும் 40 விநாடி வீடியோவில் போட்டேன், 30-ஐ 60 ஆக்க. கணினிச் செயலியின் பல கோர்களில் ஒன்றே ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு ஆமை வேகத்தில் ஓடியது, நான் சாப்பிட்டுவிட்டு வந்தும் முடியவில்லை. முடிந்ததைப் பார்த்தால் முகம், சட்டை எல்லாம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது, அருமை. கயிறு காலுக்குக் கீழே போகும் நேரத்தில் நிறுத்தி ஃப்ரேம் ஃப்ரேமாகப் பார்த்தேன். உண்மைப் படத்தில் கயிறு முழுதாக இருக்கிறது. அடுத்த, உண்டாக்கிய படத்தில் கணுக்காலுக்கு அருகே கயிறு அறுந்து இரண்டு துண்டாகத் தொங்குகிறது, செருப்பின் ஓரம் தரையோடு உருகியிருக்கிறது, பின்னால் தரை ஓடுகளின் நேர்கோடு முழங்காலைச் சுற்றி வளைந்துபோகிறது. அடுத்த படத்தில் எல்லாம் மறுபடி சரி. ஒன்று விட்டு ஒன்று இப்படி. ஓடும்போது கண் இதைப் பிடிக்காது, ஆனால் ஏதோ தண்ணீருக்குள் நடப்பது போல ஒரு கூச்சம் இருந்துகொண்டே இருக்கும்.

மெல்ல நகரும் இயற்கைக் காட்சிக்குப் போடுங்கள். கயிறு, விசிறி, சக்கரம், விரல் இருந்தால் கிட்டவே போகாதீர்கள். அதிலேயே இருக்கும், இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலக்கும் பிளெண்ட் முறை அறுக்காது, ஆனால் எல்லாவற்றுக்கும் ஓர் ஆவி முளைக்கும்.

மார்ச் 14

சப்டைட்டில்! வேகத்தை மாற்றினால் அதையும் மாற்றவேண்டும் என்று யாருமே சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. 24-க்கு எழுதியதை 25-இல் ஓட்டினால் படத்தின் ஒரு மணி நேரக் கட்டத்தில் வசனம் இரண்டரை நிமிடம் தாமதமாக வரும். அழுகிற முகத்துக்குக் கீழே முந்தின காட்சியின் நகைச்சுவை. எம்கேவிமெர்ஜின் சிங்க் விருப்பத்தில் சப்டைட்டில் டிராக்குக்கு 0,24/25 என்று கொடுங்கள். முன்னே பின்னே நகர்த்தி ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள், தொடக்கம் ஒட்டினால் முடிவு ஒட்டாது.

மார்ச் 14, கொஞ்சம் கழித்து

ஜிஃப்பை 60 ஃப்ரேமில் கேட்டவருக்கு: முடியாது, உங்கள் தப்பும் இல்லை. ஜிஃப் நேரத்தை நூறில் ஒரு விநாடியாகத்தான் எண்ணும். 2 என்றால் 50 ஃப்ரேம், 3 என்றால் 33.3, நடுவில் எதுவும் கிடையாது. 24 கூட வராது, 25 வரும்.

மார்ச் 18

கேள்வி கேட்டவருக்கு ஓர் இரண்டாவது யோசனை. வேகம் மாற்றிய கோப்பிலும் விக்கல் முழுதாகப் போகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். எதில் பார்த்தீர்கள்? கணினித் திரை என்றால் அது பெரும்பாலும் நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும். 60-ஐ 25-ஆல் வகுத்தால் 2.4. சில படம் இரண்டு தடவை, சில படம் மூன்று தடவை நிற்கும். ஐந்து படத்துக்குப் பன்னிரண்டு தடவை என்று கணக்கு நேராகும், நடை நேராகாது. உங்கள் மூலக் கோப்பான 24-ம் அங்கே இரண்டு, மூன்று, இரண்டு, மூன்று என்று நொண்டித்தான் ஓடியிருக்கும், பழகிவிட்டதால் தெரிந்திருக்காது. திரையை 50-க்கு மாற்ற முடிந்தால் மாற்றிவிட்டுப் பாருங்கள்.

ஆக, முதல் நாள் கண்ணில் கோளாறு இல்லை என்று அடித்துச் சொன்னேன், திரையை மறந்துவிட்டேன்.

மார்ச் 25

இது என் சொந்தப் பிரச்சினை. வீட்டில் ஒரு 8 மிமீ ஃபிலிம் சுருள் இருந்தது, தாத்தா எடுத்தது. ஸ்கேன் செய்யக் கொடுத்த இடத்தில் ஒவ்வொரு ஃப்ரேமையும் தனிப் படமாகவும், கூடவே 25 ஃப்ரேமில் ஒரு வீடியோவாகவும் கொடுத்தார்கள். வீடியோவில் எல்லோரும் பேருந்தைத் தவறவிட்டவர்கள் மாதிரி ஓடுகிறார்கள்.

16 ஆக இருக்கவேண்டும் என்று தோன்றியது. படங்களை உள்ளீடாகக் கொடுத்து, பின்னால் ஆர் 16. அப்போதும் ஓட்டம்தான், கூடவே விக்கல் வேறு. எஃப்எஃப்எம்பெக் படத் தொகுப்பைப் படிக்கும்போது எதுவும் சொல்லாவிட்டால் 25 என்று எடுத்துக்கொள்ளும். 25 என்று படித்து, 16-க்குக் குறைக்க 1,400-க்கும் மேற்பட்ட படங்களைத் தூக்கிப் போட்டிருக்கிறது. ஐ-க்கு முன்னால் ஃப்ரேம்ரேட் 16 என்று கொடுத்திருக்கவேண்டும். மார்ச் 3 குறிப்பை எழுதியது யாரோ!

ஆனால் 16 தானா, 18-ஆ? பழைய 8 மிமீ என்றால் 16, சூப்பர் 8 என்றால் 18. பெட்டி தொலைந்துவிட்டது. ஒரு காட்சியில் அம்மா சின்னப் பெண்ணாக ஊஞ்சல் ஆடுகிறாள். அவள் உயரத்தை வைத்துக் கயிறு 2 மீட்டர் என்று மதிப்பிட்டேன். 2 மீட்டர் ஊஞ்சல் போய் வர 2.84 விநாடி ஆகும், அதைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். 16 என்றால் ஒரு சுற்றுக்கு 45 படம், 18 என்றால் 51. எண்ணினேன், 46. இரண்டு தடவை எண்ணினேன். 16!

மார்ச் 26

"கோப்புறையில் மொத்தம் எத்தனை படம்?" என்று மட்டும் ஒருவர் கேட்டிருக்கிறார். 3,982. பழைய 8 மிமீயில் அடிக்கு 80 படம், 50 அடிச் சுருளுக்கு 4,000. சூப்பர் 8-இல் அடிக்கு 72, மொத்தம் 3,600. சுருள் எது என்று முதல் நிமிடத்திலேயே தெரிந்திருக்கும்.

சரி. ஆனாலும் கேமராவின் விசை எந்த வேகத்தில் ஓடியது என்பதைப் பட எண்ணிக்கை சொல்லாது, ஊஞ்சல்தான் சொல்லும் என்று வைத்துக்கொள்கிறேன், எண்ணிய உழைப்புக்கு அவ்வளவாவது வேண்டும்.

மார்ச் 26, இரவு

16-இலேயே விட்டுவிட்டேன். 24 ஆக்கினால் ஒன்று விட்டு ஒன்று இரட்டிக்கும், நொண்டும். 48 ஆக்கினால் ஒவ்வொன்றும் மும்மூன்று தடவை, சீராக இருக்கும், 16-ஐ ஏற்காத கருவிக்கு அதைக் கொடுக்கலாம். மின்டர்போலேட்டைத் தொடவில்லை, ஊஞ்சலில் இருப்பதும் கயிறுதான். 2 நிமிடம் 39 விநாடியில் ஓடி முடிந்த சுருள் இப்போது 4 நிமிடம் 9 விநாடி வருகிறது. அம்மாவுக்குக் காட்டினேன். கயிறு இல்லையாம், சங்கிலியாம்.